விடைபெறுவோர் உரை

மாதக் கடைசி நாளின் மாலையில் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ நடந்து செல்பவர், ஏதேனும் ஒரு மண்டபத்தின் வாயிலில் துணிப் பதாகையையும், உள்ளே மேடைமீது சற்றே கூச்சத்துடன் அமர்ந்திருக்கும் ஒரு பெரியவரையும் காணத் தவறார். லஸ் பகுதியில் இரானடே நூலகத்தைச் சேர்ந்த சீனிவாச சாஸ்திரி மண்டபமாயினும் சரி, ஓர் அலுவலகத்தின் மொட்டை மாடியாயினும் சரி, நிகழ்ச்சி நிரல் ஒன்றே. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பாராட்டுரைகள், பொன்னாடை, சந்தன மாலை, நினைவுப் பரிசு, ஏற்புரை, நன்றியுரை; பின்னர் இனிப்பு, காரம், காப்பி. மே 31, ஜூன் 30 ஆகிய நாட்களில் இவ்விழாக்கள் மிகுதி. பிறந்த மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஊழியர் ஓய்வு பெறுவது விதி. முன்னாளில் பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியர், வயதுக்குப் பொருந்துமாறு மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதியைக் குறித்துவிட்டதனால், நம் நாட்டில் ஒரு தலைமுறையே கோடையில் பிறந்ததாகப் பதிவேடுகள் சாதிக்கின்றன!

இவ்விழாக்களில் பேசப்படும் மொழியைப் பற்றியும், அம்மொழி எதற்காக வழங்குகின்றது என்பதைப் பற்றியும் சிறிது ஆராய விரும்புகின்றோம். நெசவாளருக்கும் உழவருக்கும் இதில் என்ன என்று அன்பர்கள் கேட்கலாகாது. நம் சங்கங்களிலும் செயலாளர்கள் ஓய்வு பெறுகின்றனர். நாமும் பொன்னாடை போர்த்துகின்றோம். அந்த மேடையிற் சொல்லப்படுவதும் சொல்லாமல் விடப்படுவதும் நம்முடைய பணத்தைப் பற்றியவை.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் இதற்குப் ‘பிரிவுபசாரம்’ என்று பெயர். வாசித்தளிக்கப்படும் தாளுக்கு ‘உபசாரப் பத்திரம்’ என்று பெயர். பின்னர் ‘வழியனுப்பு விழா’ வந்தது. இப்போது அழைப்பிதழ்களில் ‘பணி நிறைவுப் பாராட்டு விழா’ என்றே பெரும்பாலும் காண்கின்றோம். பிரிவு என்னும் சொல்லில் ஒரு துயரம் இருந்தது. வழியனுப்புதலில் ஒருவர் போகிறார் என்னும் செய்தி இருந்தது. ‘பணி நிறைவு’ என்பதிலோ வேலை முழுவதும் முடிந்தது என்னும் தீர்ப்பே அடங்கிவிட்டது. தமிழ்நாடு அரசு ஊழியரின் ஓய்வு வயது 58 ஆக இருந்து, 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. வயதுதான் நிறைந்ததேயன்றிப் பணி நிறைந்ததா என்பது தனிக் கேள்வி.

தமிழர் வீட்டு வழக்கமும் இங்கே சேர்ந்துகொள்கின்றது. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வது அமங்கலம் என்பது நம்மவர் கருத்து; ‘போய் வருகிறேன்’ என்றோ, ‘வருகிறேன்’ என்றோதான் சொல்லவேண்டும். விருந்தினருக்கு இது மிகப் பொருத்தம். ஆனால், பதவியைவிட்டு விலகுபவர் அந்த நாற்காலிக்குத் திரும்பி வரப்போவதில்லை. உண்மையாகவே போகின்றவர் சொல்லுவதற்கு நம் பேச்சு வழக்கில் மங்கலமான சொல் இல்லாமையாலோ என்னவோ, ஏற்புரை முழுவதும் சுற்றி வளைத்தே செல்லுகின்றது. ‘என்னால் இயன்றதைச் செய்தேன்’, ‘எல்லோரும் ஒரு குடும்பமாக இருந்தோம்’, ‘ஓய்வு உடலுக்கேயன்றி உள்ளத்துக்கு அன்று’ என்பன அதன் வழக்கமான நிறுத்தங்கள். எல்லாவற்றினும் பழக்கமானது, ‘தெரிந்தோ தெரியாமலோ எவர் மனத்தையேனும் புண்படுத்தியிருந்தால் பொறுத்தருள்க’ என்பது. இதில் பணிவு இருக்கின்றது, மறுக்கவில்லை. எனினும், எந்தச் செயல், யாருக்கு, எப்போது என்பவற்றுள் ஒன்றும் இதில் இல்லை. கடன் வாங்கியவன் தொகையைச் சொல்லாமல், ‘ஏதேனும் பாக்கி இருந்தால் தள்ளிவிடுங்கள்’ என்று சொன்னால் எந்தச் சங்கமாவது ஏற்றுக்கொள்ளுமா?

பாராட்டுவோர் மொழி வேறு வகையானது. பெயருக்கு எதுகை தேடி எழுதிய விருத்தங்கள் கண்ணாடிச் சட்டத்துள் மின்னும். விழாவுக்குரியவர் வாய்மையில் அரிச்சந்திரன், கொடையில் கர்ணன் எனப்படுவார். பொதுப் பணத்தைக் கையாளும் ஒருவரைக் கர்ணன் என்பது புகழ்ச்சியா, குற்றச்சாட்டா என்று தணிக்கையாளர்தாம் சொல்லவேண்டும்.

மேடைக்குப் பின்னே மற்றொரு விடைபெறுதல் காகிதத்தில் நடந்துகொண்டிருக்கின்றது. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல், பாக்கியில்லாச் சான்று, தணிக்கைத் தடைகளுக்கு விளக்கம், ஓய்வூதியக் கருத்துரு, பணிக்கொடை ஆகிய இவற்றில் ஒன்று குறைந்தாலும் மாலை வாடிய பிறகு பல மாதம் அந்தப் பெரியவர் அலுவலகப் படியேற வேண்டியிருக்கும். அன்றியும், ஓய்வு பெறும் நாளன்றே ஊழியரைத் தற்காலிகப் பணி நீக்கம் செய்யும் வழக்கம் நம் மாநிலத்தில் நெடுங்காலம் இருந்துவந்தது. அதனைத் தவிர்க்கப்போவதாக 2021-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. காலையில் மாலை வாங்கி வைத்துவிட்டு மாலையில் ஆணை வாங்கிய குடும்பங்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

விழாவே வேண்டா என்று சொன்னவர்களும் உளர். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவர் ஓய்வு பெறும்போது, நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் கூடியிருக்க, அரசுத் தலைமை வழக்கறிஞர் புகழுரை கூறுவதும் நீதிபதி மறுமொழி கூறுவதும் நெடுநாளைய மரபு. நீதிபதி கே. சந்துரு 2013 மார்ச் 8-ஆம் நாள் ஓய்வு பெற்றபோது இந்த மரபை வேண்டாமென்று முன்னரே எழுதித் தெரிவித்துவிட்டார். ஏறத்தாழ 7 ஆண்டுகளில் சுமார் 96,000 வழக்குகளை முடித்தவர் என்று பெயர் பெற்ற அவர், கடைசி நாளில் தம் சொத்து விவரத்தைத் தலைமை நீதிபதி பொறுப்பில் இருந்தவரிடம் கொடுத்தார். அரசு வண்டியை விட்டுவிட்டு மின்சார இரயிலில் வீடு திரும்பினார். உரை இல்லை, ஆயினும் கணக்கு இருந்தது. அந்தச் சொத்து விவரத் தாளையே அவருடைய விடைபெறும் உரையாக நாம் கொள்ளுகின்றோம்.

தியாகராய நகரில் இரு வீடுகளின் நினைவு இங்கே வருகின்றது. ஒன்று, இராஜாஜி பிற்காலத்தில் வாழ்ந்த பசுல்லா சாலை வீடு. மற்றொன்று, திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் வாழ்ந்த வீடு. இருவரும் முதலமைச்சர் பதவியைத் தாமே விட்டவர்கள். 1954-இல் இராஜாஜி விலகியபோது உடல்நிலை காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால், அவர் 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், அதாவது அரைநாள் பள்ளியும் அரைநாள் குடும்பத் தொழிலும் என்னும் ஏற்பாடு, நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது என்பதை அறியாதார் இல்லை. நெசவாளரின் பிள்ளை தறிக்குழியிலேயே இருக்கவேண்டுமா என்று கேட்டவர்களில் நெசவாளர்களும் இருந்தனர். அதே இராஜாஜிதான் வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்படவேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடியவர். இவ்விரண்டையும் செய்த ஒருவர் போகும்போது நெசவாளரை நோக்கி மனம்விட்டுப் பேசியிருந்தால் அது எவ்வளவு பயனுள்ள பேச்சாக இருந்திருக்கும்! ‘உடல்நலம்’ என்னும் சொல் வந்ததும் கேள்வி கேட்கும் வாய்கள் மூடிக்கொள்ளுகின்றன. நோயாளியிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. அடுத்து வந்த காமராசர் ஆட்சியில், 1954-லேயே, அத்திட்டம் கைவிடப்பட்டது. காமராசர் 1963 அக்டோபர் 2-ஆம் நாள் கட்சிப் பணிக்காக விலகினார். அவர் சொன்ன காரணமும் செய்த வேலையும் ஒன்றாகவே இருந்தன.

இனி, நம் கட்டுரைக்கு நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். மயிலாப்பூரில் எட்வர்டு எலியட்ஸ் சாலை என்று முன்பு வழங்கிய சாலை, இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என்று வழங்குகின்றது. குடியரசுத் தலைவராக இருந்து 1967 மே 13-இல் விலகிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், அச்சாலையிலுள்ள ‘கிரிஜா’ என்னும் தம் இல்லத்துக்கே திரும்பி, 1975 ஏப்ரலில் மறையும் வரை மயிலாப்பூர்வாசியாக வாழ்ந்தார். அவருடைய ஐந்தாண்டுப் பதவிக்காலம் எளியதன்று. 1962-இல் சீனாவுடன் போர்; 1965-இல் பாகிஸ்தானுடன் போர்; 1964 மே மாதம் நேரு மறைவு; 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி மறைவு.

இவற்றோடு பஞ்சம். 1964–65-இல் நாட்டில் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன் உணவு தானியம் விளைந்தது; அடுத்த ஆண்டு மழை பொய்த்து, அது சுமார் 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சுருங்கியது. அதற்கடுத்த ஆண்டும் நிலைமை பெரிதும் சீர்படவில்லை. பீகாரில் வறட்சி கொடுமையாயிற்று. அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கினால்தான் அடுப்பெரியும் என்னும் நிலை. 1966 ஜூன் 6-இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. சென்னையிலோ அரிசிதான் அரசியலாயிற்று. ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்னும் வாக்குறுதி வீதிதோறும் கேட்டது.

இந்நிலையில் 1967 ஜனவரி 25-ஆம் நாள் இரவு, குடியரசு நாளுக்கு முன்னிரவில், இராதாகிருஷ்ணன் நாட்டு மக்களுக்கு வானொலி வாயிலாக உரையாற்றினார். பதவியிலிருந்து அவர் ஆற்றிய கடைசிக் குடியரசு நாள் உரை அது. அப்படிப்பட்ட உரைகளில் வாழ்த்தும், பெருமிதமும், ஒற்றுமைக்கு வேண்டுகோளும் இருக்குமென்றே எவரும் எதிர்பார்ப்பர். அவரோ, காலத்தின் கஷ்டங்கள் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துப் பார்த்தாலும், எங்கும் பரவியிருக்கும் திறமையின்மையையும், நாட்டின் வளங்கள் சீர்கேடாக நிர்வகிக்கப்பட்டதையும் மன்னிக்க இயலாது என்னும் கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். பொதுவாழ்வில் நாணயமின்மை புகுந்துவருவதைப் பற்றி எச்சரித்தார். வன்முறையால்தான் மாறுதல் வரும் என்னும் எண்ணத்துக்கு மக்களைத் தள்ளலாகாது என்றும் கூறினார்.

இவ்வுரையின் மொழியை உழவர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். அவ்வாண்டுகளில் குறை சொல்ல மழை இருந்தது, போர் இருந்தது, வெளிநாட்டார் இருந்தனர். பதவியில் இருப்போர் பலரும் அவற்றையே சொன்னார்கள். இராதாகிருஷ்ணன் அவற்றை மறுக்கவில்லை. அவற்றுக்குரிய பங்கைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மனிதர் கணக்கில் எழுதினார். மழை பெய்யாதது வருணன் பொறுப்பு. ஏரியைத் தூர் வாராதது யாருடைய பொறுப்பு என்று ஊர்க்கூட்டத்தில் கேட்பது போன்ற பேச்சு இது. ஆள் பெயர் எதையும் அவர் சொல்லவில்லை என்பதும் உண்மையே. ஆயினும், ‘தவறுகள் நேர்ந்திருக்கலாம்’ என்று, தவறுகள் தாமாக வானத்திலிருந்து விழுந்தன போலப் பேசும் மொழிக்கும் இதற்கும் வேற்றுமை பெரிது.

போகிறவர் தைரியசாலியாவதில் என்ன வியப்பு என்று சிலர் கேட்பர். பதவியில் இருந்தபோது வாய் திறவாமல், ஓய்வூதியம் உறுதியானபின் வாய் திறக்கும் வீரத்தை நாமும் பெரிதாக மதிப்பதில்லை. ஓய்வுக்குப் பின் எழுதப்படும் நினைவுக் குறிப்புகளில் ‘அன்றே எனக்கு உடன்பாடில்லை’ என்னும் வாக்கியத்தைக் காணும்போதெல்லாம், அன்றைய கோப்பில் இட்ட கையொப்பத்தைப் பார்க்கவேண்டும்போல் நமக்குத் தோன்றும். ஆனால், இராதாகிருஷ்ணன் நிலை வேறு. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கவேண்டியவர். நாடாளுமன்றத்தில் அவர் படிக்கும் உரையும் அமைச்சரவை எழுதித் தருவதே. குடியரசு நாள் முன்னிரவு உரையில்தான் அவருடைய சொந்தக் குரலுக்குச் சிறிது இடம் உண்டு. அந்தச் சிறு இடத்தை அவர் பயன்படுத்தினார்.

இதைவிட முக்கியமானது காலம். அவர் இதைப் பேசியது மே மாதத்தில் மாலை சூட்டிக்கொண்ட பிறகன்று. பதவி முடிய மூன்றரை மாதம் இருக்கையில், நான்காவது பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில். கேட்டவர்கள் அதைக் கொண்டு ஏதேனும் செய்ய நேரம் இருந்தது. ஆட்சியாளர் மறுமொழி கூறவும் நேரம் இருந்தது. பிப்ரவரித் தேர்தலில் மத்தியில் ஆளுங்கட்சியின் பலம் 283 இடங்களாகக் குறைந்ததும், சென்னை மாநிலத்தில் ஆட்சியே மாறி மார்ச் 6-இல் அண்ணாதுரை பொறுப்பேற்றதும் வரலாறு. அவ்வுரையினால்தான் அவை நேர்ந்தன என்று நாம் சொல்லவரவில்லை. அரிசிப் பானையே மிகப் பெரிய பேச்சாளர். புதிய ஆட்சி முதலில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுத்தது. மூன்று படி வரவேயில்லை. அதுவும் கணக்கில் எழுதவேண்டியதே.

பிற நாட்டிலும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் 1796 செப்டம்பர் 19-இல் வெளியிட்ட பிரியாவிடை உரை பெயருக்குத்தான் உரை. அவர் அதை எந்த மேடையிலும் பேசவில்லை, பத்திரிகையில் அச்சிட்டார். அப்போது தேர்தல் முடியவில்லை; அவர் பதவி அடுத்த மார்ச் வரை இருந்தது. ஐசனோவர், ஆயுதத் தொழிலும் படைத்துறையும் சேர்ந்து அரசின்மீது ஆதிக்கம் பெறும் ஆபத்தைப் பற்றி 1961 ஜனவரி 17-இல் எச்சரித்தார். புகழ்பெற்ற எச்சரிக்கை, ஆனால் மூன்றே நாளில் அவர் பதவி முடிந்தது. எட்டு ஆண்டுகள் அதிகாரத்தில் இருந்தவரிடம், ‘தாங்கள் இதற்கு என்ன செய்தீர்கள்?’ என்று கேட்க அந்த மூன்று நாள் போதுமா? நம்மவரான அப்துல் கலாம் 2007 ஜூலை 24-ஆம் நாள், பதவியின் கடைசி மாலையில், விதையிலிருந்து உணவு வரை என்று உழவர் உழைப்பைத் தனியே எடுத்துச் சொல்லி உரையாற்றினார். உழவரை நினைத்தமைக்கு மகிழ்ச்சியே. பின்னர் அடையாற்றை அடுத்த கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகத் திரும்பினார். மாணவர்கள் அவரைக் கேள்வி கேட்டார்கள், அவரும் விடை சொன்னார். கேள்விக்கு இடமுள்ள இடத்துக்குப் போனவர் என்னும் வகையில் அவருக்கு நம் கணக்கில் ஒரு வரவு உண்டு.

இப்போது நம் சங்கத்துக்கு வருவோம். இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த செயலாளர் ஒருவர் ஓய்வு பெறுகின்றார். அவருக்கு மாலை போடவேண்டும். அதில் கஞ்சத்தனம் வேண்டா. தீபாவளிக்கு முன் இரவு பன்னிரண்டு மணிவரை கணக்கெழுதிக் கூலி பட்டுவாடா செய்தவருக்கு நன்றி சொல்லாத சங்கம் சங்கமன்று. ஆயின், குடியரசுத் தலைவரைக் கட்டியிருந்த கட்டு ஒன்றும் அவரைக் கட்டியிருக்கவில்லை. மாதந்தோறும் நிர்வாகக் குழுவின் முன் உட்கார்ந்தவர் அவர். ஆதலின், அவருடைய கடைசி உரையில் உறுப்பினர் முதன்முறையாகக் கேட்கும் செய்தி எதுவும் இருக்குமானால், அதற்கு நாமும் பொறுப்பாளிகளே. இதுவரை பேரவைக் கூட்டத்தில் சிற்றுண்டி வரும்வரை மட்டும் உட்கார்ந்திருந்தோம் என்பதே பொருள்.

என்ன சொல்லவேண்டும்? நெசவாளர் சங்கமானால், அவர் பொறுப்பேற்றபோது எத்தனை தறிகள் ஓடின, இன்று எத்தனை ஓடுகின்றன என்பது முதற்செய்தி. நின்றுபோன தறிகளின் சொந்தக்காரர்கள் எங்கே போனார்கள் என்பது அடுத்தது; அது கணக்குப் புத்தகத்தில் இராது, அவர் நெஞ்சில்தான் இருக்கும். நூல் இருப்பு எவ்வளவு, விற்காமல் மடித்து வைத்த சேலை எவ்வளவு, கோ-ஆப்டெக்ஸிலிருந்தும் அரசின் தள்ளுபடி மானியத்திலிருந்தும் வரவேண்டியது எவ்வளவு, நெய்தவருக்குக் கொடுக்கவேண்டிய கூலி எவ்வளவு என்பவை வேண்டும். உழவர் சங்கமானால் தவணை கடந்த பயிர்க்கடன் யாரிடம் தேங்கியிருக்கின்றது என்பதைச் சொல்லவேண்டும். சிறு குடியானவரிடமா, அன்றிக் கேட்க அஞ்சும் பெரிய வீடுகளிலா என்பதையும் சொல்லவேண்டும். இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லப் போகின்றவருக்கே தைரியம் வரும். ஊரில் தொடர்ந்து வாழவேண்டிய புதிய செயலாளருக்கு அது எளிதில் வராது. இங்கே மட்டும் விடைபெறுபவரின் சுதந்திரம் சங்கத்துக்கு ஒரு சொத்து.

இவற்றை மாலையிட்ட மேடையில் படிப்பது அழகாயிராது என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். பிள்ளைகளும் சம்பந்திகளும் முன்வரிசையில் இருக்கும்போது தவணை கடந்த பாக்கியைப் பற்றிப் பேசச்சொல்வது கொடுமை. விழா விழாவாகவே இருக்கட்டும்; விருத்தம் பாடட்டும். அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாக, அவர் இன்னும் சாவியை இடுப்பில் செருகியிருக்கும்போதே, பேரவை ஒன்றைக் கூட்டி, அவர் தம் கையால் எழுதிய அறிக்கையைப் படிக்கச் செய்யலாம். உறுப்பினர் கேட்கும் கேள்விகளுக்கு அவர் விடை சொல்லலாம். விடை தெரியாதவற்றைத் தேடிச் சொல்ல அவருக்கு இரண்டு மாதம் இருக்கின்றது. புதிதாக வருபவர் அருகில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளலாம். அந்த அறிக்கையின் படி ஒன்றைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்க ஒரு கரண்டிப் பசை போதும்; வாழ்த்து மடலுக்குப் போடும் கண்ணாடிச் சட்டத்தின் விலையில் நூறு படிகள் எடுத்து, அன்று கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களின் வீடுகளுக்கும் அனுப்பலாம்.